மலைப் புல்லைக் காக்க எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் விடுமுறைக்குத் திருகோணமலையிலிருந்து வான் பிடித்து நுவரெலியா போகும் பலர் ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஏறிவிட்டுத்தான் திரும்புகிறார்கள். வந்ததும் புல்வெளிப் படங்களுக்குக் கீழே “அழிந்துவரும் அரிய அல்பைன் புல்” என்று ஒரு வரி. பாடசாலைச் செயற்றிட்டங்களிலும் இதே வரிதான். அக்கறையோடு எழுதுகிறார்கள், ஆனால் அந்த ஒரு வரியிலேயே பல பிழைகள்.

அல்பைன் என்பது குளிரால் மரமே வளராத உயரத்துக்கு மேலுள்ள பகுதி. இலங்கையில் அது கிடையாது, 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் உச்சி வரைக்கும் காடுதான். ஹோர்ட்டன் சமவெளியில் 2100 மீற்றருக்கு மேலே இருப்பது பத்தனா எனப்படும் மலைப் புல்வெளி.

அடுத்தது, கண்ணில் படுவதையெல்லாம் சுதேசம் என்று நம்புவது. நீங்கள் ஆசையாகப் படமெடுக்கும் மஞ்சள் பூ முட்செடி, யூலெக்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாய் விரித்தாற்போலப் படரும் கிக்கூயுப் புல் கிழக்கு ஆபிரிக்க மலைகளுடையது. முன்பு உருளைக்கிழங்கு பயிரிட்டுக் கைவிட்ட நிலங்களை இன்றும் அதுதான் பிடித்திருக்கிறது. மரைகள் அங்கே மேய்வதைப் பார்த்துவிட்டு அதையே சுதேசப் புல் என்று எழுதிவிடுகிறார்கள். சுதேசப் புற்கள் பெரும்பாலும் தனித்தனிக் கொத்துகளாக நிற்கும். ஓடைக்கரைகளில் குட்டை மூங்கிலைப் பார்க்கலாம், அதுவும் புல் குடும்பம்தான். அதன் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பழைய நூல்களில் அருண்டினேரியா, பிறகு சினருண்டினேரியா, 2014இல் குருணா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள். ஒரே பெயரை வைத்துத் தேடிவிட்டு “பட்டியலில் இல்லை” என்று முடிவு கட்டக் கூடாது.

எந்த இனம் எவ்வளவு அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலை வாசிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். உலகப் பட்டியல் வேறு, தேசியப் பட்டியல் வேறு. தென்னிந்தியாவில் நிறைய இருந்து இங்கே ஒரு மூலையில் மட்டும் உள்ள புல், உலக அளவில் கவலைக்குரியதாக இல்லாமலும் தேசிய அளவில் ஆபத்திலும் இருக்கலாம். இலங்கையில் மட்டுமே உள்ள இனம் எல்லாம் அரியதும் அல்ல. “மதிப்பிடப்படவில்லை”, “தரவு போதாது” என்று போட்டிருந்தால் அதைப் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் எண்ணிக்கை. முதிர்ந்த செடிகள் 50ஐ விடக் குறைந்தால் மிக உச்ச ஆபத்து, 250ஐ விடக் குறைந்தால் அதற்கு அடுத்த நிலை, 1000ஐ விடக் குறைந்தால் அதற்கும் அடுத்தது. ஆனால் ஒரு கொத்தில் எத்தனையோ தாள்கள், அதாவது தண்டுகள், இருக்கும். கொத்தை எண்ணினீர்களா, தாளை எண்ணினீர்களா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

காப்பாற்றுகிறேன் என்று ஒரு கொத்தைப் பிடுங்கி வராதீர்கள். தேசிய பூங்காவிலிருந்து செடி எடுப்பது குற்றம். தவிர, தை மாதத்தில் உறைபனி படியும் மண்ணில் வளர்ந்தது திருகோணமலை உப்புவெளி வெயிலில் எப்படி நிற்கும்? நம் கடற்கரை மணலில் ஓடுகிற இராவணன் மீசைப் புல்லை அங்கே நட்டாலும் இதே கதைதான். “வெறும் புல்லாகக் கிடக்கிறதே, மரம் நடுவோம்” என்று கிளம்புவதும் வேண்டாம். நிழல் விழுந்தால் வெயில் தேடும் புல் அங்கே இல்லாமல் போகும். புறப்படுமுன் சப்பாத்து அடியையும் காற்சட்டை மடிப்பையும் உதறிவிடுங்கள், வெளிப் புல்லின் விதை அதில் ஒட்டிக்கொண்டு மேலே போகிறது.

நமக்கென்ன என்றும் கேட்கிறார்கள். மகாவலிக்குப் போய்ச்சேரும் அக்ரா ஓயா அந்தச் சமவெளியில்தான் தொடங்குகிறது. அந்த மகாவலி வந்து விழுவது நம் கொட்டியாரக் குடாவில்.

படம் எடுப்பதென்றால் பாதையை விட்டு இறங்காமல், முழுக் கொத்து, பூங்கதிர் கிட்டத்தில், இலை தண்டைத் தழுவும் இடத்திலுள்ள சிறு சவ்வு, இந்த மூன்றையும் எடுங்கள். புற்களைப் பிரித்தறிவது பெரும்பாலும் கதிரையும் அந்தச் சவ்வையும் வைத்துத்தான். அரியது என்று சந்தேகம் வந்தால் இடத்தைப் பொதுவில் போடாமல் பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய ஹேர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேகரித்து வைக்கும் நிலையத்துக்கு, தெரிவியுங்கள்.