எட்டாவது சர்வரை மறக்காமல் இருக்க: டெவ்ஆப்ஸைத் தொடங்கும் முறை

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஏழில்தான் ஏற்றியிருந்தார்கள். எட்டாவதில் 2003 முதல் பயன்படுத்தாத பழைய நிரல் அப்படியே கிடந்தது. அந்தப் பழைய நிரலை இயக்கிய அதே ஃபிளாகைத்தான், அதாவது வசதியை இயக்கும் சுவிட்சைத்தான், புதிய வசதிக்கும் வைத்திருந்தார்கள். சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்கள் பிழையைச் சொல்லியிருந்தன, ஆனால் யாரும் உடனே பார்க்கவேண்டியவையாக அவை அமைக்கப்படவில்லை. பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். பழையது அவற்றிலும் ஓடத் தொடங்கி நிலைமை இன்னும் மோசமானது.

நிரல் எழுதுபவர்களும் அதை சர்வரில் ஓட்டுபவர்களும் ஒன்றாக வேலை செய்யும் டெவ்ஆப்ஸ் முறையால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று கேட்கும் முதலாளிக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. இங்கே நடந்த ஒவ்வொரு தவறுக்கும் தடுப்பு உண்டு. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் இன்றைய நிலையை எழுதி வையுங்கள். மாதத்துக்கு எத்தனை ரிலீஸ், ஒரு மாற்றம் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்ந்த நேரத்திலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போக எத்தனை நாள், நூறு ரிலீஸில் எத்தனை பழுதாகிறது, பழுதானால் சரிசெய்ய எவ்வளவு நேரம். இந்த நாலு எண்களும் இல்லாமல் கருவி வாங்கினால், முன்னேறினோமா என்பதே தெரியாது. எழுதி முடித்தும் வெளியே போகாத நிரல் விற்காமல் கிடக்கும் சரக்கு மாதிரி: சம்பளம் கொடுத்தாயிற்று, வரவு இல்லை.

அடுத்து பைப்லைன்: நிரலை பில்ட் செய்து (ஓடும் வடிவமாக்கி), சோதித்து, சர்வருக்கு அனுப்பும் தானியங்கி வரிசை. பில்ட் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். அதில் வரும் டாக்கர் இமேஜுக்கு (நிரலும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதி) கமிட் எண்ணையே, அதாவது கிட்டில் அந்த மாற்றத்துக்கு உள்ள அடையாளத்தையே, டேகாக வையுங்கள். 'லேட்டஸ்ட்' என்று வைத்தால் எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று சொல்ல முடியாது. ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலில் சோதித்த அதே இமேஜ்தான் வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். டெஸ்ட்கள் 10 நிமிடத்துக்குள் முடியட்டும். அதற்கு மேல் போனால் ஆட்கள் காத்திருக்காமல் குறுக்குவழி தேடுவார்கள்.

டெப்ளாய் ஸ்கிரிப்ட் முதலில் ஒரு சர்வரில் மட்டும் ஏற்றி, 15 நிமிடம் பிழை விகிதத்தைப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குப் போகட்டும். கடைசியில் ஒவ்வொரு சர்வரிடமும் 'உன்னிடம் ஓடும் கமிட் எண் என்ன' என்று கேட்டு, ஒன்று மாறியிருந்தாலும் ரிலீஸ் தோல்வி என்று அறிவிக்க வேண்டும். பத்து வரி ஸ்கிரிப்ட்தான். நைட் கேப்பிடலில் இல்லாமல் போனது இந்தச் சரிபார்ப்புதான்.

பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை, பகல் வேலை நேரத்தில், பழுது எதுவும் இல்லாதபோதே செய்து பாருங்கள்.

பெரும்பாலும் ரோல்பேக்கை முடக்குவது டேட்டாபேஸ். டேபிளில் 'போன்' என்ற நெடுவரிசையை 'மொபைல்' என்று ஒரே ரிலீஸில் பெயர் மாற்றினால், பழைய நிரலுக்குத் திரும்பிய நொடியே அது உடையும். அதனால் பிரித்துச் செய்யுங்கள். முதல் ரிலீஸில் 'மொபைல்' நெடுவரிசையைச் சேர்த்து, நிரல் இரண்டிலும் எழுதட்டும். பிறகு பழைய வரிசைகளை ஆயிரம் ஆயிரமாக நகலெடுங்கள்; மொத்தமாக ஒரே அப்டேட்டில் செய்தால் டேபிள் பூட்டிக்கொண்டு தளம் நிற்கலாம். இரண்டாவது ரிலீஸில் புதிய நெடுவரிசையிலிருந்து படியுங்கள். ஓரிரு வாரம் சிக்கலின்றி ஓடிய பிறகு, பழைய நெடுவரிசையில் எழுதுவதை நிறுத்தி அதை நீக்குங்கள். பயன்படாத நிரலையும் ஃபிளாகையும் இதே ஒழுங்கோடு அழித்துவிடுங்கள். ஒரு ஃபிளாகை ஒருபோதும் வேறு வேலைக்கு எடுக்காதீர்கள்.

அலர்ட் வந்தால் ஒருவர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும். செய்ய ஒன்றுமில்லை என்றால் அந்த அலர்ட்டை நீக்குங்கள். 'சிபியு 80 சதவீதம்' என்பதைவிட 'பணம் செலுத்தும் பக்கம் 5 நிமிடமாகத் தோல்வி' என்பதே பயனுள்ளது. அலர்ட்டைக் கவனிக்கும் முறைப்பணியில் டெவலப்பர்களும் இருக்கட்டும். தனியாக ஒரு 'டெவ்ஆப்ஸ் டீம்' வைத்து வேலையை அங்கே தள்ளிவிட்டால், எழுதுபவருக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே இருந்த பழைய சுவர் வேறு பெயரில் நிற்கும். மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு, பல சர்வர்களில் டாக்கர் இமேஜ்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸும் தேவையில்லை.

பேக்அப்பை மறக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பதிப்பு பொருந்தாததால் தினசரி பேக்அப் தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொன்ன மின்னஞ்சல்களையும் மெயில் சர்வர் நிராகரித்திருந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேர நகல்) காப்பாற்றியது. ஆகவே வாரம் ஒருமுறை பேக்அப்பை ஒரு காலி சர்வரில் தானாக ரீஸ்டோர் செய்து, முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையை ஒப்பிடும் வேலையையும் பைப்லைனில் சேர்த்துவிடுங்கள்.