சித்திக்குக் கண்ணாடி பிரேம் கொண்டுபோகிறவர்களுக்கு

ஊருக்குப் போறன் என்றதும் “தம்பி, கண்ணாடிக்கு ஒரு பிரேம் மட்டும்” என்று வட்ஸ்அப்பில் குரல் வரும். ஓம் சொல்ல முதல் ஒரு படம் கேளுங்கள். போன கிழமை எடுத்த படமாக இருக்கட்டும். நான் கேட்கவில்லை. என்னிடம் 2011 இல், கோயில் தேரன்று எடுத்தது இருந்தது. அதில் சித்திக்கு நல்ல உருண்டை முகம்.

உருண்டை முகத்துக்கு மூலை உள்ள பிரேம்தான் எடுப்பு, சதுர முகத்துக்கு வளைவானது. இது எனக்குத் தெரியும். நிறத்திலும் கவனமாகத்தான் இருந்தேன். கனடாவில், ஸ்காபுரோ கடைப்பிள்ளை தோல் நிறம் என்று ஒன்றை நீட்டினா. வெள்ளைக்காரரின் தோல் அது. எங்கள் முகத்தில் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கும். எங்கட மாநிறத்துக்கு ஆமையோட்டுக் கபிலம், கடும் மெரூன், மங்கின தங்கம் எல்லாம் பொருந்தும். கபிலம் எடுத்தேன். காதில் மாட்டும் காம்பின் உட்பக்கத்தில் 54-16-145 என்றிருந்தது: வில்லை அகலம், மூக்குப் பாலம், காம்பு நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். அதை வாசித்ததோடு சரி.

படலையைத் திறந்தது வேறு முகம். சீனி வருத்தம் கன்னத்தை உருக்கியிருந்தது. பிரேம் மூக்கு நுனிக்கு வழுக்கியது. தேங்காய் துருவும்போது இரண்டு கையும் வேலையாக இருக்க, துருவின பூவுக்குள்ளேயே விழுந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு, “வடிவாத்தான் இருக்கு, பிள்ளை பார்த்து வாங்கினது” என்றா.

சரி, பவரையாவது போட்டுக்கொடுப்போம் என்று யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீனி ஏறியிருக்கும்போது கண் பவரும் மாறிக் காட்டும், அது இறங்கி நிலைத்த பிறகு சோதியுங்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கிட்டப் பார்க்கவும் தூரப் பார்க்கவும் ஒன்றாக உள்ள புரோகிறசிவ் வில்லை கொழும்பிலிருந்து வரவேணுமாம். நாலு நாள் என்றார்கள். ஐந்தாம் நாள், “நாளைக்கு வந்திடும் அண்ணை.” அடுத்த நாள் போயா விடுமுறை, பூட்டு. பிறகு பார்சல் வேறு பஸ்ஸில் போட்டாச்சாம். நல்லூருக்குப் போகவேண்டிய பின்னேரங்களை அந்தக் கடைக் கதிரையில் கழித்தேன். ஒன்பதாம் நாள் வந்தது.

வந்தும் என்ன? வழுக்கி இறங்கின பிரேமை அப்படியே வைத்துத்தான் கண்மணி வில்லையில் எந்த உயரத்தில் வருகிறது என்று கடைக்காரன் குறித்திருக்கிறான். ஒழுங்காக மேலே தள்ளிப் போட்டால் தூரம் மங்கும். நாடியைத் தாழ்த்தித்தான் ஆளைப் பார்க்கவேணும். முதலில் பிரேமைப் பொருத்துவியுங்கள், பிறகு அளக்க விடுங்கள். மூக்குத் தாங்கி இல்லாத பிளாஸ்ரிக் பிரேம் என்றால் காது வளைவைச் சூடாக்கி வளைக்கலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யேலாது. அந்த வெக்கைக்கும் வியர்வைக்கும் தாங்கியை நெருக்கி விரிக்கக்கூடிய உலோகப் பிரேம் எவ்வளவோ மேல். வேலையை வந்திறங்கின கிழமையே தொடங்குங்கள், திருத்துவதற்கு நாள் மிஞ்சும்.

வான் வெளிக்கிடேக்குள்ள சித்தி படலையில் நாடியைத் தாழ்த்திக்கொண்டு நின்றா.

இப்போது பழைய கண்ணாடியைத்தான் போடுறாவாம். அதன் காம்பிலுள்ள எண்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி மச்சாளிடம் கேட்டேன். 49-20 தெரிகிறது. மூன்றாவது எண்ணின் மேல் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறது.