ஆஸ்திரேலியாவுல இறக்குமதி ஆஃப்ரோடு கேம்பர் டிரெய்லர் வாங்கப் போறீங்களா? முதல்ல அடியில படுத்துப் பாருங்க

கேம்பர் டிரெய்லர்னா காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய் டென்ட், கிச்சன் எல்லாம் விரிச்சு தங்குற வண்டி. கேம்பிங் ஷோவுக்குப் போனா எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது அதோட கிச்சன் பக்கம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் ஸ்லைடுன்னு ஒவ்வொண்ணா இழுத்துக் காட்டுவாங்க, பாக்க அழகா இருக்கும், இங்கயே செஞ்ச டிரெய்லரோட வச்சுப் பாத்தா விலையும் நல்லாவே கம்மியா இருக்கும். ஆனா மேற்கு ஆஸ்திரேலியாவுல இருக்கிற கிப் ரிவர் ரோடு மாதிரி 660 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிவரியா அலை அடிச்ச மண்ரோட்டுல ஓட்டும்போது முதல்ல போறது பேரிங், ஷாக் அப்சார்பர், வெல்டிங் இதெல்லாம்தான். சீனாவுல இருந்து இறக்குமதியாகி வர்ற டிரெய்லர் எல்லாமே மோசம்னு நான் சொல்ல மாட்டேன், நல்லா செஞ்சதும் நிறைய இருக்கு. அதுல எது நல்லதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை: வீட்லயே உக்காந்து எடைக் கணக்கு

டேர்னா காலி டிரெய்லரோட எடை. ஏ.டி.எம்.னா சாமான் எல்லாம் ஏத்தின பிறகு அது அதிகபட்சம் இருக்கலாம்னு சட்டப்படி குடுத்த எடை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் நீங்க ஏத்தக்கூடிய சுமை, புதுசா வாங்குறவங்க மாட்டிக்கிறது இங்கதான். டேர் 1450, ஏ.டி.எம். 2000னு வச்சுக்குவோம், கையில 550 கிலோ இருக்கு, தாராளம்னு தோணும். தண்ணி டேங்க் 150 லிட்டர்னா அதுவே 150 கிலோ, ரெண்டு 9 கிலோ கேஸ் சிலிண்டர் நிரப்பினா கிட்டத்தட்ட 35, ரெண்டு ஜெர்ரி கேன் டீசல் கேனோட சேத்து ஒரு 40. போச்சா, மிச்சம் 325தான். ஃப்ரிட்ஜ், பேட்டரி, ஆனிங் (பக்கத்துல விரிக்கிற நிழல் கூரை), நாற்காலி, டூல்ஸ், சாப்பாடு, படுக்கை எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். இதுல இன்னொரு விஷயம், டிரெய்லர்ல அடிச்சிருக்கிற விவரத் தகடுல, அதாவது பிளேட்ல, இருக்கிற டேர்ல பின்னாடி மாட்டின எக்ஸ்ட்ராக்கள் சேராம இருக்கலாம். அதனால டீலர்கிட்ட வே-பிரிட்ஜ்ல (வண்டியை எடை போடுற மேடை) எடை போட்ட சீட்டு கேளுங்க, தயங்காம கேளுங்க.

கார் பக்கமும் பாக்கணும். ப்ரோஷர்ல 3500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கும், ஆனா ஜி.சி.எம். (காரும் டிரெய்லரும் சேந்து இருக்கலாம்னு குடுத்த அதிகபட்ச எடை) 5900, காரோட ஜி.வி.எம். (கார் மட்டும் சாமானோட இருக்கலாம்னு குடுத்த அதிகபட்ச எடை) 3100னா, குடும்பத்தையும் சாமானையும் ஏத்தி கார் ஃபுல்லா இருக்கும்போது டிரெய்லர் சக்கரத்து மேல வர்றதுக்கு மிச்சம் 2800தான். டிரெய்லரை கார்ல மாட்டுற டோ-பால் மேல இறங்குற எடையும் காரோட கணக்குலதான் வரும், அதை மறந்துடாதீங்க.

அடுத்தது: வின் நம்பரும் பிளேட்டும்

2018ல போட்ட ரோடு வெஹிகிள் ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட் 2021 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. இப்ப புது டிரெய்லர்னா ஆர்.ஏ.வி.ங்கிற பதிவேட்டுல ஏறியிருக்கணும், டிரெய்லரோட தனி அடையாள எண்ணான வின் நம்பரைப் போட்டு நீங்களே ஆன்லைன்ல தேடிப் பாத்துக்கலாம். பதிவேட்டுல இருக்கிற விவரமும் டிரெய்லர்ல அடிச்சிருக்கிற பிளேட்டும் ஒத்துப்போகலைன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க, "அடுத்த வாரம் சரி பண்ணிடுவோம்"னு சொன்னாலும் சரி பண்ணின பிறகே குடுங்க.

பிரேக் ரூலும் தெரிஞ்சு வச்சுக்கங்க. காரோட மாட்டியிருக்கும்போது டிரெய்லர் சக்கரத்து மேல விழுற எடை 750 கிலோவைத் தாண்டினா பிரேக் கட்டாயம், 2000 தாண்டினா எல்லா சக்கரத்துலயும் பிரேக் வேணும், கூடவே டிரெய்லர் கழண்டு போனா தானா பிரேக் பிடிக்கிற பிரேக்-அவே சிஸ்டமும் வேணும்.

செகண்ட் ஹேண்ட்னா பி.பி.எஸ்.ஆர்.ங்கிற அரசாங்கப் பதிவேட்டுல தேடல் கண்டிப்பா பண்ணுங்க, 2 டாலர்தான், அது மேல யாரோட கடனாவது பாக்கி இருந்தா தெரிஞ்சுடும்.

முக்கியமான வேலை: அடியில படுக்குறது

பழைய சட்டை, நல்ல டார்ச், ஒரு விரிப்பு எடுத்துட்டுப் போங்க. விக்கிறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். முன்னாடி இழுக்குற டிராபார் சேசிஸோட சேர்ற இடம், சஸ்பென்ஷன் கையைப் பிடிச்சிருக்கிற பிராக்கெட், ஷாக் அப்சார்பரோட மேல் முனை, இந்த மூணு இடத்துலயும் டார்ச்சை நேரா அடிக்காம சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, அப்பதான் வெல்டிங்கோட ஏத்த இறக்கம் நிழலா தெரியும். வெல்டிங் ஒரே சீரா ஓடியிருக்கணும். ஊசி ஓட்டை, ஓரத்துல இரும்பை அரிச்ச மாதிரி பள்ளம், பாதியில நின்னுபோன கோடு, தெறிச்ச உருண்டை மேலயே பெயின்ட் அடிச்சிருக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் அந்த டிரெய்லர் வேண்டாம்.

பேரிங் என்ன பிராண்ட்னு கேளுங்க. பேர் தெரியாத பேரிங்னா நல்ல பேரிங் மாத்திக் குடுக்கச் சொல்லி பேரம் பேசலாம், அதுக்கு ஒத்துக்கிற டீலர் இருக்காங்க. வீல் ஸ்டட் (சக்கரத்தை மாட்டுற போல்ட்) அமைப்பு உங்க காரோட ஒத்துப்போகுதான்னும் பாருங்க, டயர் அளவும் ஒண்ணா இருந்துட்டா ரெண்டு ஸ்பேர் டயரையும் ரெண்டுக்கும் மாத்திப் போட்டுக்கலாம், நடுக்காட்டுல அது பெரிய விஷயம்.

தூசியும் கேன்வாஸும்

பகல்ல உள்ள போய் எல்லாக் கதவையும் பெட்டியையும் சாத்தச் சொல்லுங்க. எங்கெல்லாம் வெளிச்சம் கீத்தா தெரியுதோ அங்கெல்லாம் தூசி வரும். அப்புறம் ஒரு பேப்பரை கதவு ரப்பர்ல வச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா உருவி வந்தா சீல் சரியில்ல. டென்ட்டை நீங்களே, டீலர் கை வைக்காம, ஒரு தடவை விரிச்சு மடிச்சுப் பாக்கணும், மழையில ராத்திரி அதைப் பண்ணப் போறது நீங்கதான்.

கேஸ், கரண்ட்

இதுல சமரசமே கூடாது. கேஸ் பெட்டியில இருந்து கசிஞ்சா தூங்குற பக்கம் வராம வெளிய போற மாதிரி இருக்கணும், லைசென்ஸ் உள்ள கேஸ்ஃபிட்டர் குடுத்த சர்டிஃபிகேட் கேளுங்க. 240 வோல்ட் வயரிங்குக்கும் லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் சர்டிஃபிகேட் அதே மாதிரி.

வாரன்ட்டி

வாரன்ட்டி தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பொறுமையா படிங்க. பேர்ல ஆஃப்ரோடுன்னு இருக்கும், உள்ள பாத்தா மண்ரோட்டுல ஓட்டினதால வந்த பழுதுக்கு பொறுப்பில்லைன்னு ஒரு வரி இருக்கலாம். தயாரிச்ச கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவுல ஆபீஸ் இல்லைன்னா, நுகர்வோர் சட்டப்படி இறக்குமதி பண்ணவரையே தயாரிப்பாளரா எடுத்துக்கலாம். அதனால இறக்குமதி பண்ணது யாரு, கம்பெனி பேர் என்ன, எத்தனை வருஷமா இருக்காங்கன்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க.

நேரா ஃபேக்டரியில இருந்து நாமளே வரவழைச்சா மலிவுன்னு சிலருக்கு ஆசை வரும். முதல் டிரெய்லருக்கு அது வேண்டாம். இறக்குமதி அனுமதி முன்னாடியே வாங்கணும், அஸ்பெஸ்டாஸ் 2003 கடைசியில இருந்து இந்த நாட்டுல தடை, அதனால பிரேக் லைனிங், கேஸ்கெட்ல அது இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்க வேண்டி வரும், பழுதானா இங்க கேக்க ஆளும் கிடையாது.

வாங்கின பிறகு

நேரா பாலைவனத்துக்குப் போகாதீங்க. முதல்ல டென்ட் துணியான கேன்வாஸை விரிச்சு அது மேல தண்ணி பீச்சி நல்லா காய விடுங்க, ஒரு ரெண்டு மூணு தடவை, நூல் ஊறி தையல் ஓட்டை அடைஞ்சுக்கும். அப்புறம் பக்கத்துல ஒரு வீக்எண்ட். கிளம்பி ஐம்பது கிலோமீட்டர்ல நிறுத்தி வீல் நட்டை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு திரும்ப இறுக்குங்க, நாலு சக்கரமோ ரெண்டோ ஒவ்வொரு ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, மத்ததை விட ஒண்ணு மட்டும் ரொம்ப சூடா இருந்தா பேரிங் இல்லன்னா பிரேக், ரெண்டுல ஒண்ணு பிடிக்குதுன்னு அர்த்தம், அதோட மேல ஓட்டாம டீலருக்கு போன் போடுங்க.