மாந்தோப்பில் பழ ஈ: தேதியை விட்டு வெயிலையும் மழையையும் எண்ணப் பழகுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் பழ ஈ எப்போது வரும் என்று கேட்டால் மாதத்தைச் சொல்வார்கள். வைகாசி, ஆனி. பெங்களூரா ரக மாங்காய் முற்றுகிற நேரம், மழையும் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். எங்கள் தோப்பிலும் பல வருடம் அந்தக் கணக்கை வைத்துத்தான் பொறி கட்டினோம், சரியாகவே இருந்தது. இப்போது அப்படி முடிவதில்லை. ஒரு வருடம் பங்குனியிலேயே கோடை மழை கொட்டுகிறது. இன்னொரு வருடம் ஒரே மரத்தில் மூன்று தடவை பூ வருகிறது. நாம் பொறியைத் தேடி எடுக்கும்போது காய்க்குள் புழு ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் தேதியை விட்டுவிட்டு வேறு மூன்றை எண்ணப் போகிறோம்: வெயில், மழை, பொறியில் விழும் ஈ. ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, 2 பொறி, ஒரு நோட்டு. இவை போதும்.

படி 1: பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெண் ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். காய் அழுகி விழும். வளர்ந்த புழு காயை விட்டு வெளியேறி, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கூட்டுப்புழுவாக மாறும். அங்கிருந்து ஈயாக வெளியே வரும். கதகதப்பான பருவத்தில் முட்டை ஈயாவதற்கு மொத்தம் 3 வாரம் போல ஆகும். வசதியான சூழல் கிடைத்தால் ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரம் முட்டைகூட இடும்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை விட்டு வந்த பெண் ஈ அன்றே முட்டை இடாது. தீனி தின்று முதிர ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான்.

படி 2: வெப்ப அலகைக் கணக்கிடுங்கள்

பூச்சிக்கு நம்மைப் போல உடம்பில் நிலையான சூடு கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ அந்த வேகத்தில்தான் அது வளரும். குளிர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பழ ஈக்கு அந்தக் கீழ் எல்லை 10 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் வரும். நாம் 12 என்று வைத்துக்கொள்வோம்.

வெப்பமானியை மர நிழலில் மாட்டுங்கள். தினமும் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் குறித்து, இரண்டின் சராசரியில் 12ஐக் கழியுங்கள். பகல் 34, இரவு 22 என்றால் சராசரி 28. கழித்தால் 16. அன்றைக்கு 16 அலகு. பிஞ்சு பிடித்த நாளிலிருந்து தினமும் இதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

பகல் வெப்பம் 35ஐத் தாண்டினால் 35 என்றே எழுதுங்கள். சூடு ஏற ஏற ஈ பெருகிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். கொளுத்தும் வெயிலில் முட்டையும் புழுவும் சாகும், காய்ந்த மண்ணில் கூட்டுப்புழுவும் வதங்கிப் போகும். காலநிலை மாற்றத்தால் எல்லாப் பூச்சியும் எல்லா இடத்திலும் அதிகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் நடப்பது, பூச்சியின் காலம் இடம் மாறுவதுதான்.

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி கூடியிருக்கிறது. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். நம் நோட்டில் போட்டுப் பாருங்கள். கணக்கு எளிதாக இருக்க ஒரு டிகிரி என்றே வைப்போம். ஒவ்வொரு நாளும் வழக்கத்தைவிட அவ்வளவு கூடுதலாக இருந்தால், பிஞ்சிலிருந்து அறுவடை வரை 100 நாளில் 100 அலகு கூடும். ஒரு நாளைக்கு 16 அலகு என்றால் அது 6 நாள். ஈ நம் காலண்டரை 6 நாள் முந்திவிடும். மேலே சொன்ன அந்த ஒரு வார அவகாசம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது.

படி 3: மழையை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் வெயிலைவிட இதுதான் முக்கியம். காய்ந்த மண் நனைந்து, காற்றில் ஈரப்பதம் ஏறியதும் ஈ நடமாட்டம் சட்டென்று கூடும். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதோடு, மரத்தடி மண் எத்தனை விரல் ஆழம் நனைந்தது என்றும் தோண்டிப் பார்த்து எழுதுங்கள். ஈக்குக் கணக்கு மண்ணில்தான் இருக்கிறது. பருவம் தவறிய மழை விழுந்த அன்றைக்கு நோட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள்.

படி 4: பூவைக் கவனியுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மா பூப்பதற்கு இரவுக் குளிர் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் இரவு சூடாகவே இருந்தால் பூ ஒரே சீராக வராது. பாதி மரம் முன்னால், பாதி மரம் பின்னால். விளைவு என்ன? தோப்பில் முற்றிய காய் மூன்று வாரம் இருப்பதற்குப் பதில் இரண்டு மாதம் இருக்கிறது. ஈக்குப் பந்தி முடிவதே இல்லை. முதல் பூவில் வந்த காயில் வளர்ந்த ஈதான் கடைசிப் பூவில் வந்த காயைக் குத்துகிறது. ஆக, வெப்பம் பூச்சியை மட்டும் வேகப்படுத்தவில்லை, மரத்தின் காலத்தையும் நீட்டி பூச்சிக்குச் சாப்பாடு போடுகிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் பூத்த வாரத்தை எழுதி, தாமதமாகப் பூத்த மரத்தில் ஒரு துணி கட்டிவிடுங்கள். சேதம் அங்கேதான் அதிகம் இருக்கும்.

படி 5: பொறி கட்டி எண்ணுங்கள்

மெத்தில் யூஜினால் (ஆண் ஈயை இழுக்கும் வாசனை மருந்து) வைத்த பொறியைக் காய் எலுமிச்சை அளவு வந்ததுமே கட்டிவிடுங்கள். கண்காணிப்புக்கு மட்டும் என்றால் ஏக்கருக்கு 2 போதும். ஆள் உயரத்தில், நிழலில், காற்று வரும் பக்கம். கடும் வெயிலில் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் மருந்து ஊறிய கட்டையை லேபிளில் போட்டிருக்கும் கெடுவுக்கு முன்னாலேயே சோதித்து மாற்றுங்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் எண்ணுங்கள். இதில் விழுவது ஆண் ஈ மட்டும். பொறி நிறைந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட வேண்டாம். அது நமக்கு வரும் தகவல், அவ்வளவுதான்.

படி 6: எப்போது இறங்குவது?

சிவப்புக் கோடு போட்ட மழைக்குப் பிறகு பொறியில் எண்ணிக்கை முந்தைய வாரத்தைப் போல இரண்டு மடங்கானால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். தேதி என்னவாக இருந்தாலும் சரி.

விழுந்த காயை இரண்டு நாளுக்கு ஒரு முறை பொறுக்குங்கள். இதைவிடப் பலன் தரும் மருந்து எனக்குத் தெரியாது. பொறுக்கியதை வரப்பில் குவித்தால் புழுவை நாமே வளர்த்ததாகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் போகும். பொறியை ஏக்கருக்கு 6 முதல் 10 வரை கூட்டுங்கள். முற்றிய காயைப் பழுக்கும்வரை விடாமல் சில நாள் முன்னதாகவே பறித்துவிடுங்கள். வீட்டுக்கு வைத்திருக்கும் நாலைந்து மரம் என்றால் காய்க்குக் காகித உறை போடலாம். மரத்தில் முசுறு (இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) கூடு இருந்தால் கலைக்காதீர்கள், முசுறு இருக்கும் கிளையில் ஈ உட்காரத் தயங்கும். பூச்சிமருந்து அடித்தால் முசுறும் சாகும், காய்க்குள் இருக்கும் புழு தப்பித்துவிடும்.

புழுவால் தோப்புக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதற்குக் காரணம் சரக்கில் கிடைத்த பழ ஈதான். 2015 ஜனவரியில்தான் அந்தத் தடையை நீக்க முடிவெடுத்தார்கள்.

படி 7: நோட்டை மூடாதீர்கள்

முதல் வருடம் நோட்டு பெரிதாக ஒன்றும் சொல்லாது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பொறி நிறையத் தொடங்கிய வாரத்தில் கூட்டிய அலகு எத்தனை, அதற்கு எத்தனை நாள் முன்னால் மண் நனைந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தோப்புக்கான எண் அதிலிருந்து கிடைக்கும். பக்கத்து ஊர்க்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், மேட்டு நிலமும் பள்ளமும் ஒன்றல்ல.

அப்புறம், மாங்காய் பறித்து முடித்ததும் பொறியைக் கழற்றிவிட வேண்டாம். தோப்பு ஓரத்தில் கொய்யா இருந்தால் ஈ அங்கே போய்த் தங்கும். ஒரு பொறியைக் கொய்யாவில் மாட்டிவிட்டு, அதே கிழமையில் தொடர்ந்து எண்ணுங்கள்.