ஸ்பீக்கரோடு சும்மா வந்த பென்டிரைவை லேப்டாப்பில் செருகும் முன்

மதுரை மீனாட்சி பஜாரிலோ தமுக்கம் பொருட்காட்சியிலோ மலிவாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினால், சில சமயம் பாட்டு ஏற்றிய பென்டிரைவும் கூடவே வரும். அதை ஸ்பீக்கரில் செருகிக் கேட்கும்வரை தொல்லையில்லை. விண்டோஸ் வைரஸ் அங்கே ஓடாது. "வேற பாட்டு போடலாமே" என்று கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்போதுதான் வம்பு.

கடைக்காரர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். பாட்டு ஏற்றுகிற கம்ப்யூட்டரில் யார் யாருடைய டிரைவோ ஏறி இறங்கும், அவ்வளவுதான். 2006-ல் ஆப்பிளின் வீடியோ ஐபாட்களில் சிலவே விண்டோஸ் வைரஸோடு விற்பனைக்கு வந்தன. 2025-ல் ப்ரோகலர்ட் என்ற பிரிண்டர் கம்பெனி கொடுத்த மென்பொருளிலும் வைரஸ் இருந்தது தெரியவந்தது.

படி 1: ஆட்டோபிளேயை அணையுங்கள்

டிரைவைச் செருகியதும் தானாகத் திறக்கும் வசதிதான் ஆட்டோபிளே. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட்டோபிளே என்று போய் ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் இது டிவைசஸ் என்பதற்குள் இருக்கும்.

படி 2: ஒளிந்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். செருகியதும் பென்டிரைவிலிருந்து தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011 வாக்கிலேயே பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது. அதனால் இப்போதைய வைரஸ்கள் நம் கையாலேயே டபுள் கிளிக் வாங்கப் பார்க்கின்றன.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, பிறகு (விண்டோஸ் 11-ல்) ஷோ. அங்கே ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ், ஹிடன் ஐட்டம்ஸ் இரண்டுக்கும் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் எம்பி3 என்று பெயர் வைத்து, கடைசியில் இஎக்ஸ்இ (கிளிக் செய்தால் ஓடும் புரோகிராம்) என்று முடிகிற ஃபைல் சாதாரணப் பாட்டு மாதிரியே தெரியும். ஃபோல்டர் படம் போட்ட இஎக்ஸ்இ கூட உண்டு.

படி 3: செருகுங்கள், திறக்காதீர்கள்

செருகியதும் கறுப்பு விண்டோ ஒன்று திறந்து எழுத்துகள் தானாக ஓடினால் உடனே பிடுங்கிவிடுங்கள். அது பென்டிரைவ் வேடத்தில் இருக்கும் கீபோர்டாக இருக்கலாம். டிரைவின் சிப்பில் இருக்கும் மென்பொருளையே இப்படி மாற்ற முடியும் என்று 2014-ல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். ஸ்கேனில் அது சிக்காது, ஃபார்மேட் செய்தாலும் போகாது, குப்பைக்குத்தான். நம்மூர் பொருட்களில் அவ்வளவு தூரம் யாரும் மெனக்கெடுவதில்லை என்பது என் எண்ணம்.

எதுவும் நடக்கவில்லையா? சரி, திஸ் பிசி-யில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு) கொடுங்கள். விண்டோஸ் 11-ல் காணவில்லை என்றால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ்-க்குள் பாருங்கள்.

படி 4: பாட்டை மட்டும் எடுங்கள்

ஃபோல்டர் எல்லாம் காணாமல் போய், மூலையில் அம்பு போட்ட ஷார்ட்கட்கள் மட்டும் இருந்தால் அது ஷார்ட்கட் வைரஸ். ஜெராக்ஸ் கடைக்கு டிரைவ் கொண்டுபோகிறவர்களுக்குப் பழகிய ஆசாமிதான். ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். படி 2 செய்திருந்தால், பெயரே இல்லாத மங்கலான ஃபோல்டர் ஒன்று கண்ணில் படலாம். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அதற்குள் பத்திரமாக இருக்கும். எம்பி3, போட்டோ மட்டும் வெளியே காப்பி செய்யுங்கள்.

ஷார்ட்கட்டை ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் (கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் திறக்கும் முன்பே தேடுவது) ஓட விடுங்கள். அது முடியும்வரை அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் வேண்டாம்.

படி 5: ஃபார்மேட்

ரைட் கிளிக், ஃபார்மேட். மலிவு ஸ்பீக்கர்கள் பலவும் ஃபேட்32 என்ற ஃபார்மேட் வகையை மட்டுமே படிக்கும் என்பதால், பட்டியலில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், டிரைவ் காலியாக இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். மேலே 64 ஜிபி என்று அச்சடித்து, உள்ளே அதில் கால்வாசி கூட இல்லாத டிரைவ்கள் நிறைய சுற்றுகின்றன. சோதனையில் தோற்றால் கல்யாண போட்டோவை அதில் ஏற்றாதீர்கள். ஸ்பீக்கரில் நாலு பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.