தாத்தா ஆச்சியிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பது எப்படி

"உங்க பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?" என்று பிள்ளை கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று பதில் வரும், அதோடு பேட்டி முடிந்தது. எங்கள் வீட்டில் முதல் நாள் அப்படித்தான் ஆனது. மகள் எழுதி வைத்திருந்த பத்துக் கேள்வியும் மூன்றே நிமிடத்தில் தீர்ந்துவிட்டன.

அதனால் கையில் ஒரு பொருளைக் கொடுத்து ஆரம்பியுங்கள். நாங்கள் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கி வந்தோம். ஆச்சி எழுதவே இல்லை, "கோவை இலை எங்கே?" என்றார். வேலியில் பறித்து வந்த இலையைக் கசக்கி, சிலேட்டு முழுக்கத் தேய்த்து, முந்தானையால் ஒற்றி, "காயட்டும்" என்று வெயிலில் சாய்த்து வைத்தார். அது காய்வதற்குள் யார் வீட்டு வேலியில் இலை திருடுவார்கள், எந்த டீச்சர் காதைத் திருகுவார் என்று எல்லாம் தானாக வந்துவிட்டது.

வருஷத்தை நேராகக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. எங்களைப் போல் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. "ஊர் இங்கிட்டு வந்தப்போ நீங்க எத்தனாங் கிளாஸ்?" என்று கேட்டால் கணக்கு கிடைத்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அதே தேதிதான். திருத்தணிப் பக்கம் என்றால் ஆந்திராவிலிருந்து வந்த 1960 ஏப்ரல் 1. அப்புறம், மிட்டாய் அணாவுக்கு வாங்கினீர்களா, நயா பைசாவுக்கா என்று கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். மலையாளம் படித்தீர்களா என்றும் கேட்க மறக்காதீர்கள், எங்கள் தாத்தா சிலேட்டைப் பிடுங்கி மலையாள அகரத்தைப் போட்டுக் காட்டினார்.

பதினொன்று வரை படித்தேன் என்று தாத்தா சொன்னால் பிள்ளைகள் பிளஸ் ஒன் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது பதினொன்றுதான் எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ 1978ல் வந்தது. இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

போனில் பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள், குக்கர் விசில் நேரம் வேண்டாம். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தவும் வேண்டாம். அதுதான் பெரிய தொல்லை, நானே செய்தேன்.

ஒரு கேள்வியை மட்டும் கடைசிக்கு வையுங்கள், படிப்பு ஏன் நின்றது என்பதை. ஆச்சி அஞ்சாவதோடு நின்றவர். மகள் கேட்டதும் சிலேட்டுத் தூளில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பிள்ளை அடுத்த கேள்விக்குத் தாவக்கூடாது, சும்மா இருக்கச் சொல்லுங்கள். "தம்பி பொறந்துட்டான், தொட்டில் ஆட்ட ஆள் வேணும்ல" என்றார் கடைசியில். இதைப் பதிவில் வைக்கலாமா என்றும் கேட்டுவிட வேண்டும், அது அவர் சொத்து.

"வச்சுக்கோ, ஆனா உங்க தாத்தாவுக்குப் போட்டுக் காட்டாதே, எட்டாவதுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் ஆச்சி.