பெரியவர்களின் நினைவைக் காக்க: காதிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டதும் பிள்ளைகள் மருந்துக்கடைக்குத்தான் ஓடுகிறார்கள்: "ஞாபக சக்திக்கு நல்ல மாத்திரை இருக்கா?" அந்தக் காசைப் பத்திரப்படுத்துங்கள். டிமென்ஷியாவை (நினைவும் சிந்தனையும் தேயும் மறதி நோய்) தடுப்பதற்காக வைட்டமின் பி, ஈ மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

பலன் தருபவை வேறு. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. இவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால், உலகில் டிமென்ஷியா வருபவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு. இதை எல்லாம் செய்தால் அப்பாவுக்கு வரவே வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனாலும் செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

படி 1: பிரஷரை எழுதி வையுங்கள்

மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைப் பல வருடம் சத்தமில்லாமல் கெடுப்பவை ரத்த அழுத்தமும் சர்க்கரையும். மாடிப்படி ஏறி வந்ததும், காபி குடித்த கையோடும் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் பாருங்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மேல் அளவு 130-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். "இப்ப நார்மலா இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். வாங்கப் போக ஆள் இல்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

படி 2: காது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது சேலத்துக்காரர்களின் பிரச்சினை. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் என்று எங்கே போனாலும் விசைத்தறி. தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டாலே காது கெடத் தொடங்கும். தறிப்பட்டறைக்குள் சத்தம் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். முப்பது வருடம் அங்கே நின்ற அப்பாவின் காது இன்று எப்படி இருக்கும்? கேட்டால் "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார்.

காது மந்தமானால் மூளைக்கு வந்து சேரும் பேச்சு குறைகிறது. அரைகுறையாகக் கேட்டதைப் புரிந்துகொள்ளவே அதன் சக்தி போய்விடுகிறது. கல்யாண வீட்டில் மனிதர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார், பேச்சு குறைகிறது, தனிமை சேர்கிறது. அந்த 14 காரணங்களில் அதிகப் பங்கு உள்ள இரண்டில் ஒன்று காது. மற்றது கெட்ட கொழுப்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை: அவருக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தால்தான் புரிகிறது, டிவி சத்தம் தெருவரை கேட்கிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு அழுக்கை எடுத்தாலே தீர்ந்துவிடும். இல்லையென்றால் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனை) எடுத்து, தேவைப்பட்டால் காதுக் கருவி. மாத்திரைக்கு வைத்த காசு இங்கேதான் போக வேண்டும். அரசுக் கருவிக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் 70 வயது தாண்டியவர்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், காதுக் கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை. ஆனால் இதய நோய்க்கான ஆபத்துகள் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்று வருடத்தில் நினைவும் சிந்தனையும் தேய்வது 48 சதவீதம் குறைந்தது. பிரஷரும் சுகரும் உள்ள தறிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருவி பெட்டிக்குள் தூங்குவது முதல் வாரத்தில்தான். குக்கர் விசில், பாத்திரச் சத்தம் எல்லாம் காதைக் கிழிப்பதுபோல் இருக்கும். முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், ஒரே ஆளுடன் பேச்சு. பிறகு நேரத்தைக் கூட்டுங்கள், கடைத்தெரு கடைசியில். அப்புறமும் இரைச்சலாக இருந்தால் கொடுத்த இடத்திலேயே சரிசெய்து தருவார்கள்.

கண்புரை இருந்தால் அதையும் தள்ளிப்போட வேண்டாம். பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

படி 3: நடை

வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். காந்தி ஸ்டேடியம், அண்ணா பூங்கா, எது பக்கமோ அது. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மூட்டுவலி என்றால் சரிவில் இறங்குவதுதான் சிரமம். ஏரியை ஒட்டிய சமமான பாதை போதும். பனிமூட்டமும் ஈரமும் உள்ள காலையில் வெயில் வந்த பிறகு கிளம்பலாம். தலையில் அடிபடுவதும் டிமென்ஷியாவுக்கு ஒரு காரணம், அதனால் குளியலறையில் கைப்பிடி, வண்டியில் பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் ஹெல்மெட்.

படி 4: தட்டு

சோற்றைக் குறைத்து கீரை, பயறு, காய். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், ஊறுகாயும் அப்பளமும் சேர்த்துத்தான். தட்டுவடை செட்டை விடச் சொன்னால் சேலத்தில் யார் கேட்பார்கள்? தினமும் வேண்டாம், அவ்வளவுதான். புகையிலையும் குடியும் மட்டும் பேரத்துக்கு இடமில்லாதவை.

படி 5: ஆள் கூட்டம்

தனியாகக் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்புவதைவிட எதிரே ஆள் வைத்துத் தாயம் ஆடுவது மேல் என்பது என் கட்சி. யோசனையும் பேச்சும் ஒன்றாகக் கிடைக்கிறது. ஆடிப் பண்டிகைக்கு யாருக்கு எவ்வளவு மொய், என்ன சாமான் என்ற கணக்கை அவரிடமே விடுங்கள். தப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

படி 6: எப்போது டாக்டர்?

சாவியை மறப்பது சகஜம். பழகிய தெருவில் வழி தவறுவது, தெரிந்த சமையலில் தடுமாறுவது, காசுக் கணக்கு குழம்புவது, சுபாவம் மாறுவது என்றால் காத்திருக்க வேண்டாம். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு மூன்றும் இதே மாதிரி காட்டும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. பி12 மாத்திரை அந்தக் குறைவு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு. போகும்போது பிரஷர் நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் சில சளி மருந்துகளும்கூடப் பெரியவர்களுக்கு மறதியைக் கொடுக்கும்.